நூலகத்தில் கேட்கப்பட்டதிலேயே விசித்திரமான கேள்வி எது? ராமநாதபுரம் கடற்கரைக்காரர்கள் வந்து சொல்லுங்கள்

மண்டபத்து_நூலகர்

எல்லோருக்கும் வணக்கம். மண்டபம் பக்கம் ஒரு கிளை நூலகத்தில் வேலை பார்க்கிறேன். பேப்பர் படிக்க வருகிற பெரியவர்கள், போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள், வெயிலுக்கு ஒதுங்குகிறவர்கள் என்று எப்போதும் ஆள் இருக்கும். அவர்கள் என் மேசைக்கு வந்து கேட்கிற கேள்விகளை வீட்டில் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள். கொஞ்சம் சொல்கிறேன், நீங்களும் சொல்லுங்கள்.

ராமேஸ்வரம் போகிற வழியில் இறங்கி உள்ளே வந்த சுற்றுலாக்காரர்: "கலாம் ஐயா உட்கார்ந்து படிச்ச நாற்காலி எது?"

ஒரு கல்லூரிப் பெண்: "ஞ-வுல ஆரம்பிக்கிற பொம்பளைப் பிள்ளை பேரு ஒண்ணு வேணும்க்கா. சாயங்காலத்துக்குள்ள வேணும்."

எந்த ஊர் நூலகத்திலும் தப்பாத கேள்வி: "போன தடவை இந்த அலமாரியில ஒரு சிவப்பு அட்டைப் புத்தகம் இருந்துச்சே, அது எங்கே?"

என் மனதுக்குப் பிடித்தது ஆறாம் வகுப்புப் பையன் கேட்டது: "கடல் பசுவுல பால் கறக்கலாமா?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. கடல் பசு பாலூட்டிதான், குட்டிக்குப் பால் கொடுக்கும் என்று படத்தை எடுத்துக் காட்டினேன். முன் துடுப்புக்கு அடியில், அக்குள் பக்கத்தில் குட்டி வாய் வைத்துக் குடிக்கும். கறக்கவெல்லாம் முடியாது, பிடித்தாலே சட்டப்படி குற்றம். "அப்ப அது என்ன திங்கும்?" கடல் புல் என்றேன். "எங்க வீட்டுப் பசுவும் புல்லுதான் திங்குது" என்று நோட்டில் எழுதிக்கொண்டான். 2022-ல் பாக் விரிகுடாவில், தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரமாக 448 சதுர கிலோமீட்டரில் கடல் பசுப் பாதுகாப்பகம் அறிவித்ததையும் சொன்னேன். "நம்ம பக்கம் ஏன் இல்ல?" என்று அடுத்த கேள்வி. அதை எழுதிக் கேட்க வேண்டிய இடம் எது என்று விலாசம் கொடுத்து அனுப்பினேன்.


பாம்பன்_வலைக்காரன்

நல்ல இழை அக்கா. நான் விசைப்படகில் போகிறவன். நூலகத்துக்குப் பேப்பர் பார்க்கத்தான் வருவேன். ஒருநாள் மதுரையிலிருந்து வந்த ஒரு குடும்பம் எங்கள் ஊர் நூலகரிடம் கேட்டது: "இங்க ஆண் கடல், பெண் கடல்னு சொல்றாங்களே, எது எதுன்னு மேப்ல காட்டுங்க." அவர் மேப்பை விரித்துவிட்டு என்னைப் பார்த்தார். மேப்பில் ஏது அந்தப் பேர்?

நான்தான் சொன்னேன். வடக்கே பாக் விரிகுடா பெண் கடல், தெற்கே மன்னார் வளைகுடா ஆண் கடல். பெண் கடல் சாது, ஆண் கடல் அலையடிக்கும் என்பார்கள். ஆனால் வாடை அடிக்கிற மாதத்தில் வடக்குக் கடலில் போய்ப் பார்த்தால் அதன் குணம் தெரியும். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிற காலத்தில்தான் தெற்குக் கடல் ஆடும். காற்று எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்துக் கடலுக்குக் கோபம். இதை நூலகர் ஒரு தாளில் எழுதி அந்த மேப்போடு சேர்த்து வைத்துக்கொண்டார். எனக்கு ரொம்பச் சந்தோஷம்.


உச்சிப்புளி_டீச்சர்

என் வகுப்புப் பையன் நூலகத்தில் கேட்டது: "ராமர் பாலத்துக்கு இன்ஜினியர் யாரு?" நூலகர் சிரிக்காமல், "எந்தப் பரீட்சைக்குப்பா, தமிழா அறிவியலா?" என்று கேட்டாராம். தமிழ் என்றால் நளன், ராமாயணத்தை எடு. அறிவியல் என்றால் மணல் திட்டும் சுண்ணாம்புப் பாறையும், புவியியல் அலமாரிக்குப் போ. பையன் இரண்டையும் எடுத்துக்கொண்டு வந்தான். ஒரே கேள்விக்கு இரண்டு அலமாரி உண்டு என்பதை நான் வகுப்பில் சொல்லியிருந்தால் அவனுக்கு இவ்வளவு பதிந்திருக்காது.


தேர்வர்_2025

ஒரு மாற்றுக் கருத்து. நாங்கள் குரூப் தேர்வுக்குப் படிக்க இடம் இல்லாமல்தான் நூலகம் வருகிறோம். நூலகர் மேசையில் எந்நேரமும் பேர் வைக்க, நல்ல நாள் பார்க்க, கனவுக்குப் பலன் கேட்க என்று ஆட்கள். இதெல்லாம் போனில் தட்டினால் வந்துவிடுமே. நூலகர் வேலை புத்தகம் கொடுப்பதுதானே?


ஓய்வுபெற்ற_நூலகர்

தம்பி, உங்கள் சிரமம் புரிகிறது. படிக்கிறவர்களுக்குத் தனி அறை வேண்டும், அதில் எனக்கும் சம்மதம். ஆனால் கேள்விக்குப் பதில் தேடிக் கொடுப்பது நூலகர் வேலைதான். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-லேயே ஐந்து விதிகளாக எழுதிவைத்தார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்பது இரண்டாவது விதி. வாசகரின் நேரத்தைக் காப்பாற்று என்பது நான்காவது. வருகிறவருக்கு என்ன வேண்டும் என்று தெரியாமல் இந்த இரண்டையும் எப்படிச் செய்வது? 1948-ல் நம் மாநிலத்தில் நூலகச் சட்டம் வந்தது. இன்றைக்கும் சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி போகிறது. பேர் கேட்டு வருகிற பெண்ணின் வீட்டாரும் அதைக் கட்டுகிறார்கள்.

போன் விஷயத்துக்கு ஒன்று சொல்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னால், கடற்கரைக் கிராமத்திலிருந்து ஒரு அம்மா பேத்தியோடு வந்தார். முதியோர் உதவித்தொகைக்கு எழுதிப்போட வேண்டும், பிறந்த தேதி கேட்கிறார்கள். மேசைக்கு முன்னால் நின்று கேட்டார்: "சார், புயலுக்கு மூணு நாள் முந்தி நான் பொறந்தேன். எனக்கு என்ன தேதி?"

படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்துவிட்டார்கள். பேத்தி கையிலும் போன் இருந்தது. அதில் ஏற்கெனவே தேடியிருக்கிறாள். கஜா புயல் தேதியை எடுத்து வைத்திருந்தாள், 2018.

நான் கேட்டது ஒன்றுதான்: "எந்தப் புயல் ஆத்தா?" நம் கரைக்குப் புயல் ஒன்றா இரண்டா? 1978 நவம்பரில் மட்டக்களப்பை அடித்துவிட்டு நம் மாவட்டத்துக்குள் வந்த புயலைக்கூட இங்கே 'பெரிய புயல்' என்கிறவர்கள் உண்டு. அந்த அம்மா சொன்னார்: "ரயிலை இழுத்துக்கிட்டுப் போச்சே சார், அது."

அப்படியானால் 1964. டிசம்பர் 22 இரவு, செவ்வாய்க்கிழமை, விடிந்தால் 23. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர் ரயில் ஆட்களோடு கடலுக்குள் போன இரவு. ஆனால் 'மூணு நாள் முந்தி' என்பதில் ஒரு சிக்கல் உண்டு. புயல் நாளையும் சேர்த்து எண்ணினால் 20, சேர்க்காவிட்டால் 19. அதனால் இன்னொன்று கேட்டேன்: "உங்க ஆத்தா வேற ஏதாவது சொல்லியிருக்காங்களா, நீங்க பொறந்த அன்னைக்கு நடந்தது?"

"உத்தரகோசமங்கையில சந்தனம் களையுறதைப் பாக்க எங்கப்பா போயிருந்தாராம். அவர் திரும்பி வர்றதுக்குள்ள நான் வந்துட்டேனாம்."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. உத்தரகோசமங்கை மரகத நடராசர் மேல் வருடம் முழுக்கச் சந்தனக் காப்பு இருக்கும். மார்கழி ஆருத்ரா தரிசனத்துக்கு முதல் நாள் மட்டும்தான் களைவார்கள். ஆருத்ரா பௌர்ணமியை ஒட்டி வரும். குரோதி வருடத்துக் கணக்கை எடுத்துப் பார்த்தோம். 1964 டிசம்பரில் பௌர்ணமி 19-ம் தேதி, சனிக்கிழமை. புயல் கணக்கும் கோயில் கணக்கும் ஒரே இடத்தில் வந்து நின்றன. பிறந்த ஊரில் பதிவேடு இல்லை, ஜாதகம் இல்லை, ஆனாலும் அந்தத் தாய் மகளுக்குத் தேதியைச் சரியாகத்தான் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

19 அல்லது 20 என்று தாளில் எழுதி, புயல் பற்றிய பக்கத்தையும் பௌர்ணமிக் கணக்கையும் நகல் எடுத்துக் கொடுத்தேன். பேத்தி வாசித்துக் காட்டினாள். "ரெண்டுல ஒண்ணைச் சொல்லு சார்" என்றார். அது என்னால் ஆகாது என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "சனிக்கிழமைன்னே இருக்கட்டும். பெருமாளுக்கு ஆகுற கிழமை" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். சிரித்த பிள்ளைகளில் ஒருவன் எழுந்துபோய் அவரைப் பஸ் ஏற்றிவிட்டு வந்தான்.


தேர்வர்_2025

ஐயா, இதைப் படித்தபின் என் வீட்டுப் பாட்டியிடம் போய்க் கேட்டேன். அவருக்கும் தேதி தெரியவில்லை. "மண்டபத்துல புதுசா மீன் ஆபீஸ் வந்தப்ப நான் கைப்பிள்ளை" என்கிறார். இதை வைத்து எதுவும் கண்டுபிடிக்க முடியுமா?


ஓய்வுபெற்ற_நூலகர்

முடியும். மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் 1947 பிப்ரவரியில் தொடங்கியது. பல வருடம் மண்டபம் முகாம்தான் அதற்குத் தலைமையிடம், 1971-ல்தான் கொச்சிக்கு மாறியது. பாட்டி அதைத்தான் சொல்கிறாரா என்று முதலில் கேளுங்கள். அப்புறம் அந்த வருடம் வீட்டில் நடந்த வேறு ஏதாவது ஒன்று. கல்யாணம், சாவு, கோயில் கொடை, எதுவானாலும் சரி. இரண்டு அடையாளம் கிடைத்தால் வந்து எழுதுங்கள்.


சாயல்குடி_சென்னையில்

2014-ல் நியூயார்க் பொது நூலகத்தில் ஒரு பழைய பெட்டி கிடைத்தது, படித்திருக்கிறீர்களா? 1940-களிலிருந்து 80-கள் வரை வாசகர்கள் கேட்ட விநோதமான கேள்விகளை நூலகர்கள் அட்டையில் தட்டச்சு செய்து சேர்த்து வைத்திருந்தார்கள். அதை எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டார்கள். 1944-ல் ஒருவர், "ஆக்டோபஸை வீட்டில் வளர்க்க முடியுமா?" என்று கேட்டிருக்கிறார். 1976-ல் ஒருவருக்கு வேறு சந்தேகம்: 18-ம் நூற்றாண்டு இங்கிலாந்து ஓவியங்களில் ஏன் இத்தனை அணில்கள், அவை ஓவியரைக் கடிக்காமல் எப்படிப் பழக்கினார்கள்? கனவில் யானை துரத்தினால் என்ன அர்த்தம் என்றுகூட ஒருவர் கேட்டிருக்கிறார்.

கனவுக் கேள்வி நம் ஊரில் பாம்புக்கு வரும், அவ்வளவுதான் வித்தியாசம். நூலகத்தில் புத்தகங்களை எண் போட்டுப் பிரிக்கிற டியூவி முறையில் கனவுக்கு 135 என்று எண்ணே உண்டு. உலகம் முழுக்க அந்த அலமாரிக்கு ஆள் வருகிறார்கள்.


பாம்பன்_வலைக்காரன்

ஆக்டோபஸை வளர்க்கவா? பேய்க்கணவாயைச் சொல்கிறீர்களா? எங்கள் பக்கம் அதை ரப்பர் ஆகாமல் எப்படி வேக வைப்பது என்றுதான் கேட்பார்கள்.


கீழக்கரை_லாத்தா

அஸ்ஸலாமு அலைக்கும். எங்கள் ஊர்ப் பக்கம் புதிதாக வந்த நூலகத் தம்பியிடம் ஒரு பெரியம்மா, "அரபு எழுத்துல தமிழ் புத்தகம் இருக்கா வாப்பா?" என்று கேட்டார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அரபு என்றால் அரபு, தமிழ் என்றால் தமிழ், இரண்டும் எப்படி என்று குழம்பி என்னைக் கூப்பிட்டார். அரபுத்தமிழ் எங்கள் பாட்டிமாருக்குச் சாதாரணம். தமிழைத்தான் பேசுவார்கள், தமிழில்தான் பாடுவார்கள், எழுதுவதும் வாசிப்பதும் அரபு எழுத்தில். தமிழ் எழுத்துத் தெரியாததால் கைநாட்டு வைத்த பெண்கள் பலர் அந்த எழுத்தில் கிதாபு வாசித்தவர்கள். அந்தத் தம்பிக்கு என் வீட்டுக் கிதாபைக் காட்டினேன். முதல் வரியை நான் வாசிக்க, "லாத்தா, இது எனக்குப் புரியுது!" என்றார். சுத்தத் தமிழ், புரியாமல் என்ன? நூலகத்தில் இதற்கு ஒரு தட்டு வேண்டும் என்று எழுதிப்போட்டிருக்கிறோம்.


உச்சிப்புளி_டீச்சர்

புயல் நேரத்தில் வருகிற கேள்வியை யாரும் சொல்லவில்லையே. "பாம்பன்ல மூணாம் நம்பர் கூண்டு ஏத்திட்டாங்களாம், பள்ளிக்கூடம் லீவா?" என்று நூலகத்துக்கு வந்து கேட்கிறார்கள்.


மண்டபத்து_நூலகர்

அது எனக்கும் வரும் டீச்சர். லீவு கலெக்டர் சொல்ல வேண்டியது. கூண்டு விவரத்தை மட்டும் பலகையில் எழுதிப் போட்டுவிட்டேன். 1, 2 என்றால் புயல் தூரத்தில். 3, 4 என்றால் துறைமுகப் பக்கம் மோசமான வானிலை. 5 முதல் 7 வரை அபாயம், 8 முதல் 10 வரை பெரும் அபாயம். 11 ஏற்றினால் தகவல் தொடர்பே அறுந்துவிட்டது என்று அர்த்தம். எண் கூடக் கூட ஆபத்து கூடும் என்பது எல்லோருக்கும் தெரியும், 11-க்கு இப்படி ஒரு பொருள் என்பது பலருக்குப் புதிது.

மருத்துவக் கேள்விகளும் வரும். திருக்கை முள் குத்திய காலோடு ஒருவரைத் தாங்கிக்கொண்டு வந்து, "புத்தகத்துல என்ன போட்டிருக்கு?" என்றார்கள். முதலில் ஆட்டோவைக் கூப்பிடச் சொன்னேன். தாங்குகிற சூட்டில் வெந்நீரில் காலை வைத்திருங்கள் என்று எல்லா முதலுதவிப் புத்தகத்திலும் இருப்பதை மட்டும் சொன்னேன். மற்றது ஆஸ்பத்திரியில்தான். நூலகர் மருந்து சொல்லவே கூடாது.

இந்த இழையை வேடிக்கைக்காகத்தான் தொடங்கினேன். ஐயாவின் பதிவைப் படித்ததும் ஒன்றைச் சொல்ல வேண்டும் போல இருக்கிறது. ஊர், ஆள் அடையாளம் சொல்ல மாட்டேன்.

ஒரு மத்தியானம் ஒரு அக்கா வந்து, "சிங்கள அகராதி இருக்கா தாயி?" என்றார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்று எனக்குத் தெரியும். மகன் பரீட்சைக்கோ என்று நினைத்து, யாருக்கு என்று கேட்டேன். போனை நீட்டினார். இலங்கையிலிருந்து யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய காகிதத்தின் படம், முழுக்கச் சிங்களம். படகோடு பிடிபட்ட மகன் அந்தப் பக்கம் சிறையில் இருக்கிறான். அகராதி இருந்தால் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து நான் சொல்லிவிடுவேன் என்று நம்பி வந்திருக்கிறார்.

அகராதி இல்லை. இருந்தாலும் அந்த எழுத்தை எனக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் மண்டபம் இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து தினமும் பேப்பர் படிக்க வருகிற பெரியவர் ஒருவர் ஜன்னலோரம் இருந்தார். கொழும்பில் கடையில் வேலை பார்த்தவர். அவரிடம் போய், "ஐயா, இது வாசிப்பீங்களா?" என்றேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி, முதலில் எண்களை மட்டும் படித்தார். வழக்கின் அடுத்த தவணைத் தேதி. அப்புறம் படகின் எண். அந்த அக்கா தேதியைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. "பேரு எம் மவன் பேருதானா, அதைப் பாருங்க" என்றார். பெரியவர் அந்த வரியைத் தேடிப் பேரை வாசித்தார். "இன்னொரு தடவை வாசிங்க" என்றார். வாசித்தார். அந்த அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டார், தண்ணீர் கொடுத்தோம்.

தேதி, படகு எண், வழக்கு விவரம் எல்லாவற்றையும் பெரியவர் சொல்லச் சொல்லத் தமிழில் எழுதி, மீன்வளத் துறை அலுவலகத்தில் கொடுக்கிற மாதிரி மனுவாகவே ஆக்கிக் கொடுத்தேன். இப்போது அந்தப் பெரியவர், "சிங்களம் வந்தா என்னைக் கூப்பிடு மகள்" என்று அவராகவே சொல்லி வைத்திருக்கிறார்.


பாம்பன்_வலைக்காரன்

அக்கா, இதில் எழுத எனக்கு வார்த்தை வரவில்லை. எங்கள் தெருவிலும் அப்படிக் காகிதத்தை வைத்துக்கொண்டு அலைந்தவர்கள் இருக்கிறார்கள். நூலகத்துக்குப் போகலாம் என்று யாருக்கும் தோன்றியதில்லை. இனிமேல் சொல்வேன்.


தேர்வர்_2025

நான் முன்னால் கேட்டதற்கு இதைவிடப் பதில் வேண்டாம். ஆனால் ஒரு யோசனை. நியூயார்க்கில் அட்டை போட்டது போல நம் நூலகங்களிலும் கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி வைக்கலாமே. அடுத்து வருகிற நூலகருக்கு உதவும்.


ஓய்வுபெற்ற_நூலகர்

நல்ல யோசனை. நான் அப்படி வைக்காமல் விட்டது பெரிய இழப்பு என்று இப்போது தோன்றுகிறது. ஒரு நிபந்தனை: கேட்டவர் பேர் எழுதக் கூடாது. கேள்வி, உண்மையில் என்ன தேவைப்பட்டது, எங்கே கிடைத்தது. இந்த மூன்றும் போதும். இரண்டாவது கட்டத்தை மட்டும் நிதானமாக எழுதுங்கள்.


பாம்பன்_வலைக்காரன்

அப்படியென்றால் என் கேள்வியையும் நோட்டில் ஏற்றுங்கள். எங்கள் தாத்தா சங்கு குளித்தவர். எந்தத் தீவுப் பக்கம் குளித்தார்கள், எத்தனை பாகம் ஆழம், எப்படிக் கூலி கொடுத்தார்கள் என்று என் மகள் கேட்கிறாள். சொல்ல வீட்டில் ஆள் இல்லை. இதற்குப் புத்தகம் உண்டா?


ஓய்வுபெற்ற_நூலகர்

உண்டு. சென்னை மாகாண மீன்துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1914-ல் சங்கு பற்றி ஒரு முழு நூலே எழுதினார். சங்குகுளித் தொழில் விரிவாக இருக்கிறது. ஆங்கிலம்தான். பழைய நூல் என்பதால் இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம்.


மண்டபத்து_நூலகர்

இறக்கி வைக்கிறேன். பாப்பாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் அண்ணே, நான் வாசித்துத் தமிழில் சொல்கிறேன், அவள் எழுதிக்கொள்ளட்டும். வெள்ளிக்கிழமை மட்டும் வர வேண்டாம், நூலகம் விடுமுறை.


பாம்பன்_வலைக்காரன்

திங்கள் கடலுக்குப் போனால் செவ்வாய் காலையில் கரை. மகளுக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் செவ்வாய் சாயங்காலம் வருகிறோம் அக்கா.